மிஷனெரி நாள் முழுக்க என்ன செய்கிறார்?

ஞாயிறு ஆராதனையில் "மிஷனெரிகளுக்காக ஜெபிப்போம்" என்று போதகர் சொன்னதும் கண்ணை மூடிக்கொள்கிறோம். அந்த மிஷனெரி காலையிலிருந்து இரவு வரை என்ன செய்வார் என்று யாராவது கேட்டால், "பிரசங்கம் பண்ணுவார், கைப்பிரதி கொடுப்பார்" என்பதற்கு மேல் பலருக்குப் பதில் வராது. அவருடைய நாளில் பிரசங்கத்துக்குப் போவது கொஞ்ச நேரம்தான். மற்றதெல்லாம் மொழிக்கும், ஊராரோடு உட்கார்ந்து பேசுவதற்கும், கணக்கு எழுதுவதற்கும், அவ்வப்போது காய்ச்சலுக்கும் போய்விடும்.

இதற்குப் பழைய சான்று ஒன்று திருவள்ளூர் மாவட்டத்திலேயே இருக்கிறது. பொன்னேரி வழியாகப் போனால் வரும் பழவேற்காட்டில், டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு 1613 முதல் கெல்ட்ரியா என்ற கோட்டை இருந்தது. 1630களில் அங்கே குருவாக வந்தவர் ஆபிரகாம் ரொகேரியுஸ். கோட்டையில் இருந்த கம்பெனி ஆட்களுக்கு ஆராதனை நடத்துவது அவருடைய உத்தியோகம். அன்றைக்குக் கடற்கரை ஊர்களில் பலருக்கும் பொதுவாக இருந்த போர்ச்சுக்கீசிய மொழியைக் கற்று, அதிலும் பிரசங்கித்தார். ஆனால் அவர் பெயரை நிலைக்க வைத்தது வேறு வேலை. பத்மநாபன் என்ற பிராமணரோடு உட்கார்ந்து, இங்குள்ளவர்களின் வழிபாடு, சடங்கு, நம்பிக்கை எல்லாவற்றையும் கேள்விமேல் கேள்வி கேட்டு எழுதினார். பர்த்ருஹரியின் சமஸ்கிருதப் பாடல்களைப் பத்மநாபனை விளக்கச் சொல்லி டச்சு மொழியில் குறித்துக்கொண்டார். 1649ல் ரொகேரியுஸ் இறந்தார். அவர் எழுதியவை 1651ல் லேடன் நகரில் நூலாக அச்சாயின. சமஸ்கிருத இலக்கியம் ஐரோப்பிய மொழி ஒன்றில் முதலில் அச்சேறியது அந்த நூலில்தான்.

ஒன்றையும் மறைக்கக் கூடாது. கம்பெனி தான் வியாபாரத்துக்குத் துணி வாங்கிய அதே பழவேற்காட்டிலிருந்து அடிமைகளையும் கப்பலேற்றியது. கம்பெனி சம்பளத்தில் இருக்கும் குரு அதை எவ்வளவு தூரம் தட்டிக் கேட்க முடியும்? மிஷனெரிக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்பது அவர் வாய்க்கு எவ்வளவு சுதந்திரம் என்பதையும் தீர்மானிக்கிறது.

மிஷனெரியின் ஒரு நாளை மணிக்கணக்கில் பார்க்க வேண்டுமானால் தரங்கம்பாடிக்குத்தான் போக வேண்டும். 1706ல் அங்கே வந்து இறங்கிய ஜெர்மானிய மிஷனெரி சீகன்பால்கு, இரண்டே வருடத்தில் தன் நாளை விவரித்து ஊருக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். காலை ஏழு மணிக்கு முந்தைய பாடத்தின் தமிழ்ச் சொற்களை மறுபடி படிப்பார். எட்டு முதல் பன்னிரண்டு வரை, பக்கத்தில் தமிழ்ப் புலவர் ஒருவரை வைத்துக்கொண்டு ஓலைச்சுவடி வாசிப்பார். சாப்பாடு, சிறிது ஓய்வு, ஞானோபதேச வகுப்பு ஆனதும் மறுபடி சுவடி. இரவிலும் வாசிப்பு உண்டு. கல்லூரி மாணவரின் நாள் போல் இருக்கிறது! அந்த உழைப்பால்தான் 1715க்குள் புதிய ஏற்பாடு தமிழில் அச்சாகி வந்தது. நடுவே அந்த ஊரின் டேனிஷ் ஆளுநரோடு மோதல் வந்து நான்கு மாதம் சிறையிலும் இருந்தார். ஐரோப்பாவிலிருந்து வந்த பணம் கரை சேருமுன் கடலில் போனதும் உண்டு. அவருடைய கடிதங்களை ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சிட்டு விற்றார்கள். வாசித்தவர்கள் ஜெபித்தார்கள், காணிக்கை அனுப்பினார்கள். இன்று நம் சபைக்கு வரும் ஜெபக் கடிதத்துக்கு அதுவும் ஒரு முன்னோடி.

இப்போது அனுப்புகிறவர்கள் நாமே. 1903ல் திருநெல்வேலியில் தொடங்கிய இந்திய மிஷனெரி சங்கம் தெலுங்கு நாட்டின் தோர்ணக்கல்லுக்கு ஆள் அனுப்பியது. அதற்கு முன்நின்ற வே. ச. அசரியாவும் தெலுங்கு கற்று அங்கேயே போனார். பின்னர் வந்த நண்பர் சுவிசேஷ ஜெபக்குழு குஜராத்துக்கும் ஜார்கண்டுக்கும் தமிழ்க் குடும்பங்களை அனுப்பியது. ஜார்கண்டின் ராஜ்மகால் மலையில் மால்தோ மக்களிடம் போனவர்களுக்கு மலேரியாவும் காலா அசார் காய்ச்சலும் அன்றாடப் பயம்.

ஆகவே என்ன ஜெபிப்பது? "ஆசீர்வதியும் ஆண்டவரே" என்று பொதுவாகச் சொல்வதைவிட, குறிப்பாகக் கேட்கலாம். புது மொழியில் நாக்கு திரும்ப வேண்டும். பொறுமையாகத் திருத்தும் உள்ளூர் ஆசிரியர் ஒருவர் கிடைக்க வேண்டும். பத்மநாபன் இல்லாமல் ரொகேரியுஸ் இல்லை. பிள்ளைகள் விடுதியில் படித்தால் அந்தப் பிரிவைத் தாய் தாங்க வேண்டும். வெளிநாட்டில் இருந்தால் விசா புதுப்பிக்கப்பட வேண்டும். ஊரில் வயதான பெற்றோரைக் கவனிக்க ஆள் வேண்டும். கூட இருக்கும் ஊழியரோடு மனக்கசப்பு வராமலிருக்க வேண்டும். கடைசியாகச் சொன்னதைக் கடிதத்தில் யாரும் எழுத மாட்டார்கள், நாமாகத்தான் நினைத்து ஜெபிக்க வேண்டும். சில கடிதங்களில் ஊர்ப் பெயர் இருக்காது. காரணத்தோடுதான் விட்டிருப்பார்கள், விசாரித்து வாட்ஸ்அப்பில் போடாதீர்கள்.

அதே திருவள்ளூர் மாவட்டத்தின் கும்மிடிப்பூண்டிக்காரர்களுக்கு இன்னொரு வாய்ப்பும் உண்டு. சிப்காட் ஆலைகளில் பீகார், ஒடிசா, ஜார்கண்ட் இளைஞர்கள் வேலை பார்க்கிறார்கள். உங்கள் மிஷனெரி திக்கித் திணறிப் படிக்கும் மொழியைப் பேசுகிறவர் அடுத்த தெருவிலேயே வாடகைக்கு இருக்கலாம். ஒருநாள் டீக்கடையில் அவரோடு உட்கார்ந்து, அவர் மொழியில் நாலு வாக்கியம் பேசிப் பாருங்கள். பிறகு உங்கள் மிஷனெரிக்கு ஒரு பதில் கடிதம் எழுதுங்கள்.