வண்டியில் வந்த விஞ்ஞானம்

கமத்தை விட்டுக் கல்லூரிக்குப் போக முடியாதவனுக்குக் கல்லூரியால் என்ன பயன்? நூறு ஆண்டுகளுக்கு மேலாகிறது. ஐக்கிய அமெரிக்காவின் தென்பகுதியிலுள்ள அலபாமா மாநிலத்தில் ஒரு கல்லூரி இந்தக் கேள்வியைத் தன்னிடமே கேட்டுக்கொண்டது. அது கண்ட பதிலையும், பின்னர் அதே இடத்தில் நடந்த ஒரு துரோகத்தையும் நாம் சேர்த்தே அறிந்து வைத்திருப்பது நல்லது.

அமெரிக்காவில் 1865இல் அடிமை முறை ஒழிந்தது. ஆனால் விடுதலை பெற்ற கறுப்பின மக்களிற் பெரும்பாலானோருக்குக் காணி கிடைக்கவில்லை. முன்னைய எசமானர்களின் காணிகளிலேயே வாரத்துக்குப் பயிர் செய்தனர். விதைக்கும் கடன், சாப்பாட்டுக்கும் கடன். அக்கடனுக்கு ஈடு, வரப்போகும் பருத்தி விளைச்சல். ஆகவே வீட்டு வாசல்வரை பருத்தியே நட்டார்கள். மண் சத்திழந்தது; விளைச்சல் குறைந்தது; கடன் மட்டும் ஏறியது. பிறர் காணியில் பயிரிட்டுப் பழகிய எமது வாசகர்களுக்கு இந்தக் கணக்கு விளங்கும்.

1881இல் டஸ்கீகி என்னும் ஊரில் கறுப்பின மக்களுக்கென ஒரு கல்லூரி தொடங்கப்பட்டது. அதன் தலைவர் புக்கர் வாஷிங்டன். அவருடைய அழைப்பின் பேரில் 1896இல் அங்கு வந்தவர் ஜோர்ஜ் வாஷிங்டன் காவர். அடிமைத் தாய்க்குப் பிறந்து, விவசாய விஞ்ஞானத்தில் முதுமாணிப் பட்டம் பெற்றவர்.

காசு கொடுத்து உரம் வாங்கச் சொன்னால் ஏழைக் கமக்காரர் என்ன செய்வார்? காவர் அப்படிச் சொல்லவில்லை. காட்டில் விழும் இலை குழையையும் சதுப்பு நிலச் சேற்றையும் மக்க வைத்து மண்ணுக்கு இடுங்கள் என்றார். பருத்திக்கு மாற்றாகக் கௌபியும் கச்சானும் நடுங்கள் என்றார். இவற்றின் வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைதரசனை மண்ணில் சேர்க்கின்றன. அதே பயிர் பிள்ளைகளின் வயிற்றுக்கும் உணவாகின்றது. 1898 முதல் எளிய மொழியில் சிறு நூல்களை வெளியிட்டார். 1916இல் வந்த ஒன்று, கச்சானைப் பயிரிடும் முறையோடு அதைச் சமைக்க 105 வழிகளையும் கூறியது.

ஆனால் எழுத்து வாசனை இல்லாதவர்களுக்கும், ஒரு நாள் வேலையை விட்டு வர முடியாதவர்களுக்கும் நூல் போதாது. ஆகவே 1906இல் ஒரு வண்டி தயாரானது. நியூயோர்க் செல்வந்தர் மொரிஸ் ஜெசப் பணம் கொடுத்தார். கலப்பை, விதை, வெண்ணெய் கடையும் பொறி ஆகியவற்றை ஏற்றிக்கொண்டு அது ஊர் ஊராகச் சென்றது. அவ்வாண்டே தோமஸ் கம்பெல் என்ற கறுப்பின இளைஞர் விவசாய விரிவாக்க அலுவலராக நியமிக்கப்பட்டு அவ்வண்டிக்குப் பொறுப்பானார். அமெரிக்க அரசின் முதலாவது கறுப்பின விரிவாக்க அலுவலர் அவரே. ஒரு கமக்காரரின் வளவில் அயலவரைக் கூட்டி, அங்கேயே உழுது காட்டினார்கள். பின்னர் வண்டி மோட்டார் வாகனமாயிற்று. தாதி ஒருவரும் கூடச் சென்றார். 1923இல் புதிய வாகனம் வாங்கக் கமக்காரர்களே பணம் சேர்த்துக் கொடுத்தனர்.

இந்த வண்டி அவர்களுக்குக் காணி கொண்டுவரவில்லை. கடன் முறையையும் ஒழிக்கவில்லை. அதை நாம் மறைக்கக் கூடாது. எனினும் மண்ணையும் உணவையும் பற்றித் தாமே முடிவெடுக்கும் அறிவைக் கொடுத்தது.

நம்பிக்கை முறிந்த கதை

அதே டஸ்கீகி இருக்கும் மேக்கன் மாவட்டத்துக்கு 1932இல் வேறொரு விஞ்ஞானம் வந்தது. அமெரிக்கப் பொதுச் சுகாதார சேவையினர் சுமார் 600 கறுப்பின ஆண்களை ஓர் ஆய்வில் சேர்த்தனர். பலர் வாரக் குடியான ஏழைக் கமக்காரர். அவர்களில் 399 பேருக்குச் சிபிலிஸ் என்னும் பாலியல் நோய் இருந்தது. அதை அவர்களுக்குச் சொல்லவில்லை. ‘கெட்ட இரத்தம்’ என்று மட்டும் சொன்னார்கள். இலவசப் பரிசோதனையும் சாப்பாடும் மரணச் செலவுக்கு உதவியும் கொடுத்தார்கள். 1940களில் பென்சிலின் பரவலாகக் கிடைத்த பின்னரும் அவர்களுக்கு அது கொடுபடவில்லை. மருந்தில்லாவிட்டால் நோய் எப்படிப் போகும் என்று பார்ப்பதே ஆய்வின் நோக்கம். 1972இல் பத்திரிகைகள் வெளிப்படுத்திய பின்னரே அது நின்றது. 1997இல் ஜனாதிபதி கிளின்டன் மன்னிப்புக் கேட்டார்.

வண்டி வந்த ஊரில், மக்கள் மதித்த கல்லூரியின் துணையுடன், அவர்கள் நம்பிய தாதி ஒருவரைக் கொண்டே இது நடந்தது. நம்மவர் ஒருவர் கூட வருகிறார் என்பது மட்டும் போதாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

சிகை அலங்கார நிலையத்தில்

முறிந்த நம்பிக்கையை எப்படி மீட்பது? லொஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் கறுப்பின மக்கள் நடத்தும் 52 சிகை அலங்கார நிலையங்களில் ஒரு முயற்சி நடந்தது. உயர் குருதி அமுக்கமுள்ள 319 வாடிக்கையாளர்கள் அதில் சேர்ந்தனர். சில கடைகளில் முடிவெட்டுபவர், வைத்தியரிடம் போகுமாறு அறிவுரை கூறினார். ஏனைய கடைகளுக்கு மருந்தாளர் ஒருவரே வந்து, அமுக்கத்தை அளந்து, மருந்தும் ஒழுங்கு செய்தார். ஆறு மாதத்தில் அறிவுரை மட்டும் பெற்றவர்களின் மேல் அளவு சராசரியாக 9 அலகு குறைந்தது. மருந்தாளர் வந்த கடைகளில் 27 அலகு குறைந்தது. முடிவுகள் 2018இல் வெளியாகின.

சொல்லிவிட்டுப் போவது ஒன்று. கொண்டுவந்து கூட நிற்பது வேறொன்று.

எமது வாசலுக்கும் பலர் படிவங்களோடும் மருந்தோடும் விதையோடும் வருவார்கள். வரவேற்போம். கூடவே கேட்போம்: எங்களிடம் என்ன கண்டீர்கள்? அதை எங்களுக்கும் சொல்வீர்களா? இதனால் பயன் யாருக்கு? வேண்டாமென்று சொல்ல எங்களுக்கு உரிமை உண்டா? இக்கேள்விகளுக்கு முகம் சுளிக்காமல் பதில் தருபவரோடு சேர்ந்து வேலை செய்யலாம்.