ராணுவ மருத்துவமனையில் நர்ஸா, நிர்வாகியா?

பிளஸ் டூ முடிவு வந்த மறுவாரம், வேலூர் மாவட்டத்துக் காலனி ஒன்றில் ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். அப்பா தோல் தொழிற்சாலையில் கூலி வேலை. தாத்தா பட்டாளத்தில் இருந்தவர். அவருடைய படம் சுவரில் தொங்குகிறது. அந்தப் படத்தைப் பார்த்து வளர்ந்த பெண்ணுக்கு ராணுவ மருத்துவமனையில் நர்ஸ் ஆக வேண்டும் என்று ஆசை. அப்பாவின் கையிலோ தனியார் கல்லூரி ஒன்றின் வண்ண நோட்டீஸ் இருந்தது. 'மருத்துவமனை நிர்வாகம் படித்தால் ராணுவத்திலும் அதிகாரி ஆகலாம்' என்று அதில் அச்சிட்டிருந்தார்கள். கட்டணத்துக்கு வட்டிக்கு வாங்கவும் அவர் தயார்.

"எம் பொண்ணு பீ மூத்திரம் அள்ளக் கூடாது சார். நாற்காலியில உக்காரணும்" என்றார்.

இதைக் கேட்டு அவருக்கு விவரம் தெரியவில்லை என்று ஒதுக்கிவிட முடியாது. மலமும் பிணமும் செத்த மாடும் யார் தலையில் கட்டப்பட்டன என்பது நம் தெருவில் யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பிறர் உடம்பின் கழிவைத் தொடும் வேலை என்றால் நம் பெற்றோர் முகம் சுளிப்பதற்கு அனுபவம்தான் காரணம். ஆனால் அந்த நோட்டீஸ் சொன்னது உண்மையில்லை. அதைத்தான் அவரிடம் சொல்ல வேண்டியிருந்தது.

ராணுவ மருத்துவமனைகளை நடத்துபவர்கள் சீருடை அணிந்த டாக்டர்கள். மருத்துவமனை நிர்வாகத்தில் மேற்படிப்பு முடித்து அந்தப் பொறுப்புக்கு வருகிறவர்களும் அந்த டாக்டர்களே. ராணுவ மருத்துவப் படையில் டாக்டர் அல்லாத அதிகாரிகளும் உண்டு. அவர்கள் அதே படையில் சிப்பாயாகச் சேர்ந்து, ஆண்டுக்கணக்கில் வேலை செய்து, தேர்வாகி மேலே வந்தவர்கள். வெளியே ஒரு கல்லூரியில் மருத்துவமனை நிர்வாகப் பட்டம் வாங்கிக்கொண்டு நேராக அதிகாரியாக நுழைய வழி இல்லை. மேசை வேலைதான் வேண்டும் என்றால், பாதுகாப்புத் துறையில் சிவிலியன் எழுத்தர் பணிகள் இருக்கின்றன. அவற்றில் பட்டியல் சாதியினருக்கு இடஒதுக்கீடும் உண்டு. அதற்குப் பிளஸ் டூவும் தட்டச்சும் போதும், லட்சக்கணக்கில் கட்டிப் படிக்க வேண்டியதில்லை.

நர்ஸ் படிப்புக்கு நேரான வாசல் இருக்கிறது. ராணுவ நர்சிங் சேவை 1888-ல் பம்பாயில் வந்திறங்கிய பத்து நர்ஸ்களோடு தொடங்கியது. இன்று அதில் சேரும் பெண் லெப்டினன்ட் பதவியில், தோளில் இரண்டு நட்சத்திரத்தோடு சேர்கிறார். மேஜர் ஜெனரல் வரை போக முடியும். வார்டை நடத்துவது, பணிப் பட்டியல் போடுவது, மருந்தும் கருவியும் கணக்குப் பார்ப்பது, இளையவர்களுக்குப் பயிற்சி தருவது எல்லாம் இவர்கள் பொறுப்பு. அப்பா கேட்ட நாற்காலி இந்த வழியில்தான் இருக்கிறது, வார்டைக் கடந்துதான் அதற்குப் போக வேண்டும்.

புனே, கொல்கத்தா, மும்பை, டெல்லி, லக்னோ, பெங்களூரு ஆகிய ஆறு இடங்களில் படைத்துறையின் நர்சிங் கல்லூரிகள் உள்ளன. மொத்தம் 220 இடங்கள், நான்காண்டு பி.எஸ்சி. நர்சிங். உணவும் தங்குமிடமும் இலவசம், மாத உதவித்தொகையும் உண்டு. படிப்பு முடிந்ததும் படையில் பணியாற்றுவதாக ஒப்பந்தம் எழுதித் தர வேண்டும். இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் படித்து 50 விழுக்காடு எடுத்த பெண்கள் விண்ணப்பிக்கலாம்.

நம் பிள்ளைகள் கோட்டைவிடுவது அடுத்த படியில். இதற்கு நீட் மதிப்பெண் கேட்கிறார்கள். தமிழ்நாட்டில் அரசு நர்சிங் கல்லூரிக்குப் பிளஸ் டூ மதிப்பெண்ணே போதும் என்பதால், நர்ஸ் ஆக விரும்பும் பெண்கள் நீட் பக்கமே போவதில்லை. திண்ணையில் இருந்த பெண்ணும் எழுதவில்லை. பள்ளியில் யாரும் சொல்லவில்லை என்றாள். நீட்டைத் தாண்டினாலும் பொது ஆங்கிலம், பொது அறிவுத்திறன் தேர்வு, உளவியல் சோதனை, நேர்காணல், உடல் தகுதி என்று வரிசையாக இருக்கிறது. படைக்குள் சேர்ப்பதில் நமக்கு இடஒதுக்கீடு கிடையாது. ஊர்ப்பள்ளி ஆங்கிலத்தோடு போகும் பெண் பொதுப்போட்டியில்தான் நிற்க வேண்டும். சாதி பார்க்காத படை என்று பெருமை பேசுகிறவர்கள் இதைச் சொல்வதில்லை.

இன்னொரு வழி இதைவிடப் பக்குவமானது என்பது என் எண்ணம். மாநில அரசு நர்சிங் கல்லூரிகளில் பட்டியல் சாதியினருக்கு 18 விழுக்காடு இடம் இருக்கிறது, அருந்ததியருக்கான 3 விழுக்காடு அதற்குள் அடக்கம். அங்கே பட்டம் முடித்து, கவுன்சிலில் பதிவு செய்துகொண்டு, குறுகிய காலப் பணிக்கான தேர்வு அறிவிக்கப்படும்போது எழுதலாம். 2024 ஜனவரியில் நடந்த தேர்வில் வயது வரம்பு 21 முதல் 35 வரை. இதற்கு நீட் வேண்டாம். படை கிடைக்காமல் போனாலும் கையில் பட்டம் இருக்கும்.

ஆண்களுக்கு நர்சிங் சேவையில் இடமில்லை. அவர்கள் பிளஸ் டூ அறிவியலோடு சிப்பாய் நர்சிங் அசிஸ்டென்ட் வேலைக்குப் போகலாம். தொடக்கம் சிப்பாய்தான். ஆனால் நான் முன்பு சொன்ன டாக்டர் அல்லாத அதிகாரிகளில் பலர் புறப்பட்டது இங்கிருந்துதான்.

பெண்ணின் அம்மா உள்ளேயிருந்து ஒன்று கேட்டார். கல்யாணம் பண்ணினால் வேலை போய்விடும் என்று சொல்கிறார்களே? ஒரு காலத்தில் போனது. திருமணம் செய்ததற்காக 1988-ல் ராணுவ நர்சிங் சேவையிலிருந்து நீக்கப்பட்ட செலினா ஜான் உச்ச நீதிமன்றம் வரை போராடினார். அவருக்கு 60 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று 2024 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. அந்த விதி 1995-லேயே எடுக்கப்பட்டுவிட்டது.

அப்பா நோட்டீஸை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார், கிழிக்கவில்லை. "லெப்டினன்ட்னா எங்கப்பாவுக்கு மேலயா கீழயா?" என்று கேட்டார். அவருடைய அப்பா நாயக்காக ஓய்வு பெற்றவர். மேலே என்றேன். அரசு நர்சிங் கல்லூரி விண்ணப்பத்துக்குச் சாதிச் சான்றிதழ் எடுக்க மறுநாள் தாலுகா ஆபீசுக்குப் போவதாக அந்தப் பெண் சொன்னாள்.