ராட்டை யார் கையில்?

சிங்கம்புணரியில் கயிறு திரிக்கிற ஒரு நண்பரிடம் லினக்ஸ் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். பல நாட்டுக்காரர்கள் சேர்ந்து எழுதும் மென்பொருள். யாரும் எடுக்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம். கேட்டுவிட்டு அவர் சொன்னார்: 'நாரு எல்லா ஊர்லேருந்தும் வருது, சரி. ராட்டை யார் கையிலண்ணே?'

கட்டற்ற மென்பொருள் பற்றிய நம் பேச்சு பெரும்பாலும் உரிமத்தோடு நின்றுவிடுகிறது. அவர் கேட்டதோ உற்பத்தி உறவு பற்றி.

1991இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தன் நிரலை இணையத்தில் வைத்தார். பிறர் திருத்தங்கள் அனுப்பினார்கள். எதைச் சேர்ப்பது என்பதை அவர் தீர்மானித்தார். வரத்து பெருகியதும் ஒரு ஆளால் முடியவில்லை. பகுதிக்கொரு பராமரிப்பாளர் உருவானார். திருத்தங்கள் அவர்கள் வழியாகவே மேலே போகின்றன. ஆக, அனுப்புவது யாரும், சேர்ப்பது சிலர். இதைத் 'தலைமையற்ற கூட்டு' என்று கொண்டாடுவது அபத்தம். இன்று அதில் பெரும்பகுதியை எழுதுபவர்கள் நிறுவனங்களில் சம்பளம் வாங்குகிறவர்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

1993இல் தொடங்கிய டெபியன் வேறு வழியில் போனது. 1998இல் தனக்கென ஓர் அமைப்புச் சட்டம் எழுதிக்கொண்டது. தலைவரை ஆண்டுதோறும் உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். அவர் முடிவை வாக்கெடுப்பில் மாற்றவும் முடியும்.

நம்மிடம் மதுரைத் திட்டம் இருக்கிறது. மென்பொருள் அல்ல, ஆனால் அதே வகை உழைப்பு. 1998 பொங்கலன்று தொடங்கியது. சுவிட்சர்லாந்திலிருந்து கு. கல்யாணசுந்தரம் ஒருங்கிணைக்க, ஒருவர் பழைய நூலைத் தட்டச்சு செய்தார், இன்னொருவர் மெய்ப்புப் பார்த்தார். ஊதியம் கிடையாது, நூலின் முகப்பில் இருவர் பெயரும் உண்டு. ஒருவர் ஒதுங்கினாலும் அவர் அடித்தது நிற்கும், அடுத்தவர் தொடர்வார். கயிற்றில் எந்த நாரும் முழு நீளத்துக்கு ஓடுவதில்லை.

ராட்டை சிலர் கையில் இருப்பதைவிட, அவர்களை எது கட்டுப்படுத்துகிறது என்பதே கேள்வி. ஓபன்ஆபிஸ் ஆரக்கிள் நிறுவனத்திடம் போனபின், 2010இல் அதன் பங்களிப்பாளர்கள் பலர் முழு நிரலையும் எடுத்துக்கொண்டு லிப்ரெஆபிஸ் தொடங்கினார்கள். உரிமம் அதை அனுமதித்தது. பெயரை மட்டும் விட்டுவிட்டுப் போனார்கள். நம் சிறுபத்திரிகைகளில் பிரிகிறவன் வெறுங்கையோடு பிரிகிறான். சந்தாதாரர் முகவரி நோட்டு ஆசிரியர் வீட்டு அலமாரியில் இருக்கும். ஆகவே ஒவ்வொரு பிளவுக்குப் பின்னும் முதல் இதழிலிருந்து ஆரம்பிக்கிறோம்.

இதை நண்பரிடம் சொன்னேன். 'அப்ப கோவிச்சுக்கிட்டுப் போறவனும் கயிறோட போலாம்ங்கிறீங்க. போய்த் திரிக்கிற வரைக்கும் சோத்துக்கு?'

அதற்கு எந்த உரிமத்திலும் பதில் இல்லை.