மலையாளப் படவுலகின் தந்தை ஜே. சி. டானியல்

பாலக்காட்டிலும் சித்தூரிலும் மூணாற்றிலும் பீருமேட்டிலும் வாழும் நம் மக்களுக்கு மலையாளத் திரைப்படம் அயலார் பொருளன்று. வீட்டில் தமிழும் பள்ளியில் மலையாளமும் பேசி வளரும் நம் பிள்ளைகள் இரு மொழிப் படங்களையும் ஒரே ஆர்வத்துடன் கண்டு களிக்கின்றனர். ஆயினும், மலையாள நாட்டின் முதல் திரைப்படத்தை எழுதி, இயக்கி, தாமே அதில் நடித்தும் காட்டிய பெரியவர் கன்னியாகுமரியை அடுத்த அகத்தீசுவரத்துக்காரர் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? அவர்தாம் ஜே. சி. டானியல். ஜோசப் செல்லையா டானியல் என்பது முழுப்பெயர்.

அகத்தீசுவரம் அக்காலத்தில் திருவிதாங்கூர் அரசைச் சேர்ந்திருந்தது. வசதி படைத்த கிறிஸ்தவ நாடார் குடும்பத்தில் தோன்றிய டானியல், திருவனந்தபுரத்தில் கல்லூரிக் கல்வி பெற்றார். சிலம்பம், களரி முதலிய வீரக்கலைகளில் அவருக்கு இருந்த ஈடுபாடு பெரிது. இந்திய வாட்போர்க் கலையைப் பற்றி ஆங்கிலத்தில் நூல் ஒன்றும் எழுதினார். இக்கலைகளை உலகறியச் செய்யத் திரைப்படமே ஏற்ற கருவி என்ற எண்ணமே அவரைப் படத்தொழிலுக்கு இழுத்து வந்தது. சென்னைக்கும் பம்பாய்க்கும் சென்று தொழில் நுணுக்கங்களை அறிந்து வந்தார். தம் பெயரில் இருந்த நிலத்தை விற்றுப் பெற்ற பணத்தை முதலாக்கி, 1926-ஆம் ஆண்டில் திருவனந்தபுரம் பட்டத்தில் ‘திருவிதாங்கூர் நேஷனல் பிக்சர்ஸ்’ என்னும் படநிலையத்தைத் தொடங்கினார்.

அங்கு உருவான படமே ‘விகதகுமாரன்’. காணாமற்போன மகன் என்பது அதன் பொருள். படம் வெளிவந்த ஆண்டை 1928 என்று சிலரும் 1930 என்று சிலரும் கூறுவர். புராணக் கதைகளே பெரிதும் படமாகிவந்த அந்நாளில் டானியல் துணிந்து சமூகக் கதையை எடுத்துக்கொண்டார். திருவிதாங்கூர்ச் செல்வர் ஒருவரின் மகனைக் கொடியவன் ஒருவன் இலங்கைக்குக் கடத்திச் செல்கிறான். அங்கே அச்சிறுவன் தோட்டத்துக் கூலியாக வளர்கிறான். பின்னர் உழைப்பாலும் துரையின் அன்பாலும் உயர்கிறான். தேயிலைத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாகப் பாடுபட்ட நம் குடும்பங்களுக்கு இது வியப்பளிக்கும் செய்தியன்றோ! மலையாளத்தின் முதற் படமே கடல் கடந்த தோட்டத் தொழிலாளி ஒருவனின் கதையைச் சொல்லிற்று. அது பேசாப்படம். ஆகவே அதில் நடித்தவர் வாயிலிருந்து தமிழும் கேட்கவில்லை, மலையாளமும் கேட்கவில்லை.

அப்படத்தின் கதாநாயகியாக நடித்தவர் ரோஸி என்னும் ஏழைப் பெண். தாழ்த்தப்பட்ட புலையர் குலத்தில் பிறந்தவர். அவர் நாயர் குலப் பெண்ணாகத் திரையில் தோன்றியதை அன்றைய சாதிச் செருக்கு பொறுக்கவில்லை. திருவனந்தபுரம் காபிடல் கொட்டகையில் படம் காட்டப்பட்டபோது கல்லெறிந்தனர்; திரையைக் கிழித்தனர். ரோஸியின் குடிசைக்கும் தீ வைக்கப்பட்டது. உயிர் தப்பி ஓடிய அவர், நாகர்கோவில் பக்கம் வந்து, ராஜம்மாள் என்ற பெயரில், தம் பழைய வாழ்வைப் பற்றி வாய் திறவாமலே எஞ்சிய நாட்களைக் கழித்தார் என்பர். முதற் படத்தின் முதல் நாயகிக்கு மலையாள நாடு அளித்த பரிசு இதுவே.

டானியலும் தப்பவில்லை. போட்ட முதல் திரும்பவில்லை, கடன் பெருகிற்று. படக்கருவிகளை விற்றார், நிலையத்தை மூடினார். பின்னர்ப் பல் மருத்துவம் கற்றுத் தமிழ்நாட்டு ஊர்களில் அத்தொழிலைச் செய்து குடும்பத்தைக் காத்தார். இதற்கிடையே 1938-இல் ‘பாலன்’ என்னும் முதல் மலையாளப் பேசும்படம் வெளிவந்தது. அதைத் தயாரித்ததும் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் டி. ஆர். சுந்தரம் அவர்களே. ஆனால் டானியலின் பெயரை நினைப்பாரில்லை.

1956 நவம்பர் 1-ஆம் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தன. அகத்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் சென்னை மாநிலத்துடன் இணைந்தன. தேவிகுளமும் பீருமேடும் கேரளத்தில் நின்றன. அந்த எல்லைக்கோடு நம் வாழ்வில் செய்த மாற்றத்தை நாம் அறிவோம். டானியலின் வாழ்விலும் அது குறுக்கிட்டது. முதுமையில் வறுமையுற்ற அவர் கேரள அரசின் கலைஞர் உதவித்தொகைக்கு விண்ணப்பித்தார். ‘நீர் தமிழ்நாட்டவர், அங்கே கேளும்’ என்ற கருத்துப்பட மறுமொழி வந்தது. தமிழ்நாட்டுக்கோ அவர் மலையாளப் படம் எடுத்தவர். இரு வீட்டுக்கும் விளக்கேற்றியவர் இரு வீட்டுத் திண்ணையிலும் இடமின்றி நின்றார். 1975 ஏப்ரல் 27-ஆம் நாள் அகத்தீசுவரத்தில் அவர் உயிர் பிரிந்தது.

இதனோடு இன்னொன்றையும் எண்ணிப் பார்க்கவேண்டும். பாலக்காட்டுப் பகுதியைப் பூர்விகமாகக் கொண்ட குடும்பத்தில், 1917-இல் இலங்கையில் பிறந்த எம். ஜி. ராமச்சந்திரனைத் தமிழ் மக்கள் தம்மவராகவே ஏற்று, 1977-இல் முதலமைச்சராகவும் ஆக்கினர். கலைஞனை அவன் செய்த பணியைக் கொண்டு மதிப்பதே பெருந்தன்மை. பிறந்த ஊரைக் கொண்டு அளப்பது சிறுமை. இதைக் கேரளமும் காலந்தாழ்த்தி உணர்ந்தது. 1992-ஆம் ஆண்டு முதல், திரைத்துறையில் வாழ்நாட் பணி செய்தோர்க்கு அம்மாநில அரசு அளிக்கும் உயரிய விருது ஜே. சி. டானியல் பெயரையே தாங்கி நிற்கிறது. 2013-இல் இயக்குநர் கமல் அவர் வரலாற்றைச் ‘செல்லுலாய்டு’ என்னும் படமாக்கினார். உயிரோடிருந்தபோது மறுக்கப்பட்ட சிறு தொகைக்கு இவை ஈடாகா. ஆயினும் உண்மை வெளிப்பட்டதே என்று ஆறுதல் கொள்ளலாம்.

அவ்வுண்மை வெளிப்பட்டது எவ்வாறு? ‘விகதகுமாரன்’ படத்தின் பிரதி ஒன்றேனும் இன்று இல்லை. தன் பெயருக்கேற்பவே அது காணாமற்போயிற்று. சேலங்காட்டு கோபாலகிருஷ்ணன் என்னும் பத்திரிகையாளர் முதியவர் டானியலைத் தேடிச் சென்று, அவர் சொல்லக் கேட்டு, எழுதி, விடாது வாதாடினார். அவர் எழுதாதிருந்தால் டானியலும் ரோஸியும் பெயரின்றி மறைந்திருப்பர்.

அன்பர்களே! நம் குடும்பங்களிலும் மலை வெட்டித் தோட்டம் அமைத்தவர், பாதை போட்டவர், கூத்தும் நாடகமும் நடத்தியவர், தமிழ்ப் பள்ளிக்கு ஓடியாடி உழைத்தவர் என முதியோர் பலர் உள்ளனர். எல்லைக்கோட்டின் எப்பக்கத்து ஏட்டிலும் அவர்கள் பெயர் ஏறியிராது. அவர்கள் நம்மோடு இருக்கும்போதே அருகமர்ந்து கேட்டு, ஊரும் ஆண்டும் குறித்து, எழுதி வையுங்கள். பழைய நிழற்படங்களையும் சம்பளச் சீட்டுகளையும் பேணுங்கள். பிறர் வந்து எழுதுவார் என்று காத்திராமல், நம் வரலாற்றை நாமே எழுதுவோமாக.