கமாண்டோவுக்குச் சோறு போடுவது யார்?

நெய்வேலிச் சுரங்கத்துக்கு வருகிறவர்களின் கண் முதலில் போய் நிற்பது மண்ணை வாரும் ராட்சதச் சக்கர இயந்திரத்தின் மேல்தான். ஆனால் பழுப்பு நிலக்கரிப் படிவத்துக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் நீரைப் பம்புகள் இரவு பகலாக இறைக்காவிட்டால், சுரங்கத்தின் தரையே பொத்துக்கொள்ளும். ராணுவத்தின் சிறப்புப் படைகளும் இப்படித்தான். எதிரியின் முதுகுப்புறத்தில் அவர்கள் எத்தனை நாள் நிற்பார்கள் என்பதை வீரம் மட்டும் முடிவுசெய்வதில்லை. சோறும் தோட்டாவும் மருந்தும் கொண்டுபோய்ச் சேர்க்கும் ஏற்பாடும் சேர்ந்தே முடிவுசெய்கிறது.

இதற்கு இந்திய மண்ணிலிருந்து புறப்பட்ட சிண்டிட் படையே தெளிவான சான்று. 1943 பிப்ரவரியில் பிரிட்டிஷ் தளபதி ஆர்ட் விங்கேட், 77வது இந்தியக் காலாட்படைப் பிரிகேடின் சுமார் 3,000 பேரை ஜப்பானியர் வசமிருந்த பர்மாக் காட்டுக்குள் நடத்திச் சென்றார். வயர்லெஸ் பெட்டியைக் கோவேறு கழுதை சுமந்தது. கூடவே நடந்த விமானப்படை அதிகாரி கேட்டதை விமானங்கள் பாராசூட்டில் இறக்கின. பொருள் உள்ளே வந்தது. ஆள் வெளியே போக வழியில்லை. நடக்க முடியாத காயம்பட்டவர்களைக் காட்டிலேயே விட்டுவர நேர்ந்தது. போனவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் திரும்பவில்லை. அந்தக் கொடுமையிலிருந்து பாடம் பிறந்தது. 1944 மார்ச் 5 இரவு கிளைடர்கள் காட்டின் நடுவே 'பிராட்வே' என்ற வெட்டவெளியில் இறங்கின. உடனே அங்கே ஓடுதளம் அமைந்தது. டகோட்டா விமானங்கள் ஆட்களையும் கழுதைகளையும் கொண்டுவந்தன. சின்ன விமானங்கள் காயம்பட்டவர்களை ஏற்றிச் சென்றன. ஏப்ரலில் ஒரு ஹெலிகாப்டரும் அந்த மீட்பு வேலையில் இறங்கியது. போர்க்களத்தில் அது அதற்கு முன் நடக்காதது.

சிறப்புப் படை என்றாலே முதுகில் சுமப்பதை வைத்துச் சமாளிப்பதுதானே, விமானம் வந்தால் இருப்பிடம் காட்டிக்கொடுத்துவிடாதா என்று கேட்கலாம். அந்த அபாயம் உண்மை. ஆனால் முதுகுச் சுமைக்கு எல்லை உண்டு. குறுகிய காலத்துக்கென்று தயாரித்த பொட்டல உணவை மாதக்கணக்கில் தின்ற சிண்டிட்கள் எலும்பும் தோலுமானார்கள். ஓரிரவுத் தாக்குதலுக்குக்கூட இது பொருந்தும். 1987 அக்டோபரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இந்திய அமைதிப்படை ஹெலிகாப்டரில் வீரர்களை இறக்கியது. கடும் சூட்டில் ஹெலிகாப்டர்கள் அடிபட்டு, அடுத்த அணிகளைக் கொண்டுவர முடியாமல் போனது. ஏற்கெனவே இறங்கியிருந்த சீக்கிய இலகு காலாட்படைப் பிளட்டூன் ஏறக்குறைய முழுவதும் அழிந்தது. அங்கே குறைந்தது துணிச்சல் அல்ல, அடுத்த நடை.

இன்று பாராசூட்டே வழி கண்டுபிடித்துப் போகிறது. ஆக்ராவிலுள்ள டிஆர்டிஓ ஆய்வகம், 500 கிலோ வரை சுமந்து, குறித்த இடத்துக்குத் தானே திசைதிருப்பி இறங்கும் பாராசூட்டை 2021 டிசம்பரில் செய்து காட்டியது. புதிய துப்பாக்கிக்குத் தரும் முன்னுரிமையை இதற்கும் தருவதே நியாயம்.