மரம் சாய்ந்தாலும் சாகாத பூஞ்சை

ஜொகூர் செம்பனைத் தோட்டங்களில் சில மரங்களின் அடியில் தட்டுப்போல் காளான் ஒட்டியிருப்பதைப் பார்த்திருக்கலாம். அதுதான் கெனோடெர்மா. நம் கண்ணில் படுவது அதன் இனப்பெருக்க உறுப்பு மட்டுமே. பூஞ்சையின் உடல் மெல்லிய இழைகளாகத் தண்டுக்குள் பரவி, மரத்துக்கு உறுதி தரும் லிக்னினைச் சிதைக்கிறது. காளான் வெளியே தெரியும்போது அடித்தண்டின் உட்புறம் பாதிக்குமேல் அழுகியிருக்கலாம். குருத்தோலைகள் விரியாமல் நிற்கும். ஒருநாள் மரம் சாயும். முற்றிய நோய்க்கு மருந்தில்லை.

காளானின் அடிப்புறத் துளைகளிலிருந்து ஸ்போர் எனப்படும் நுண்வித்துகள் காற்றில் பறக்கின்றன. ஒரு வித்தின் இழை, பொருத்தமான இன்னொன்றின் இழையோடு இணைந்த பிறகே புதிய காளான் உருவாகும்.

மரம் செத்தாலும் பூஞ்சை சாவதில்லை. மண்ணிலுள்ள அடிக்கட்டையிலும் வேரிலும் பல ஆண்டுகள் வாழும். அருகே நட்ட கன்றின் வேர் பட்டால் தொற்றும். அதனால்தான் மறுநடவுக்கு முன் பழைய கட்டைகளைத் தோண்டியெடுத்துத் துண்டாக்குகிறார்கள்.