முதல் காவல் யாருக்கு?

"அரக்கன் சாய்ந்துவிட்டான். குகையில் சத்தமே இல்லை. அடுத்து என்ன செய்யப்போகிறீர்கள்?"

வெள்ளிக்கிழமை இரவு பத்தரை மணி. ஈசூனில் ஒரு வீவக வீட்டின் சாப்பாட்டு மேசை. ஆறிப்போன புரோட்டா, மைலோ குவளைகள், நடுவே 20 முகங்கள் கொண்ட பகடை. நாங்கள் ஐவரும் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாடிக்கொண்டிருந்தோம்.

அறியாதவர்களுக்கு ஒரு சிறு அறிமுகம். அமெரிக்கர்களான கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் இருவரும் உருவாக்கிய இந்த விளையாட்டு 1974ல் வெளியானது. முதலில் அச்சிட்டது 1,000 பெட்டிகள்தான். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக மாறி, என்ன செய்கிறோம் என்று வாயால் சொல்ல வேண்டும். அது பலித்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும்.

எங்கள் குழுவில் நான் மந்திரவாதி. ஆசிரியராக இருக்கும் அக்கா, காயம் ஆற்றும் பூசாரி. கணக்காய்வாளர் தம்பி, பூட்டுத் திறக்கும் திருடன். பாலிடெக்னிக் காலத்திலிருந்து எனக்குப் பழக்கமான நண்பன், வாள்வீரன். கதையை நடத்துபவர் தம்பியின் அண்ணன்.

சண்டை முடிந்ததும் வழக்கமாக நான்தான் முந்திக்கொள்வேன். "ஓய்வு எடுத்தாச்சுன்னு வச்சுக்குவோம். அடுத்து எங்கே?" என்பேன். வானொலியில் மூன்று விநாடி மௌனம் வந்தாலே எனக்குக் கை நடுங்கும். ஊடகப் படிப்பிலும் மோதல் இருந்தால்தான் கதை என்றே மனத்தில் பதிந்திருந்தது. சண்டைக்குப் பின் உட்கார்ந்து காயங்களை எண்ணுவது எனக்கு விளம்பர இடைவேளை மாதிரி.

அன்றும் அப்படித்தான் தொடங்கினேன். அண்ணன் விடவில்லை. "இன்னிக்கு ஓய்வையும் ஆடித்தான் ஆகணும். நெருப்பு மூட்டுங்க. எட்டு மணி நேரம். யார் முதல் காவல்?"

"நான். முழு இரவும் நானே பார்த்துக்கிறேன், நீங்க தூங்குங்க," என்றான் வாள்வீரன்.

அண்ணன் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். நாங்கள் பின்பற்றுவது 2014ல் வந்த ஐந்தாம் பதிப்பு. அதன்படி நீண்ட ஓய்வு என்பது எட்டு மணி நேரம். அதில் ஆறு மணி நேரமாவது தூங்க வேண்டும். காவல் காப்பது, சாப்பிடுவது, பேசுவது எல்லாம் சேர்த்து இரண்டு மணி நேரத்தைத் தாண்டக்கூடாது. தாண்டினால் இழந்த பலம் திரும்பாது.

"அப்படின்னா உனக்குக் காயம் ஆறாதுடா," என்றார்.

நண்பன் சிரித்தான். "வீட்டிலயும் அதே கதைதான்."

யாரும் சிரிக்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. அன்று அந்த மௌனத்தை நான் நிரப்பாமல் விட்டதற்கு இன்றும் மகிழ்கிறேன்.

அவன் மெல்லச் சொன்னான். அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து மூன்று மாதம் ஆகிறது. ஒரே பிள்ளை. பகலில் வேலைக்குப் போகும்போது ஓர் உதவியாளர் வருகிறார். இரவில் அம்மாவைத் திருப்பிப் படுக்க வைக்க, கழிவறைக்கு அழைத்துப்போக, அவன்தான் எழ வேண்டும். வெள்ளிக்கிழமை மட்டும் சித்தி வந்து பார்த்துக்கொள்வதால் எங்களோடு விளையாட வருகிறான். தொடர்ந்து ஆறு மணி நேரம் கடைசியாக எப்போது தூங்கினான் என்பது அவனுக்கே நினைவில்லை.

அந்த மூன்று மாதத்தில் பத்துத் தடவையாவது நாங்கள் சந்தித்திருப்போம். எத்தனையோ அரக்கர்களை வீழ்த்தினோம். இதைக் கேட்க எங்களுக்கு நேரம் இருக்கவில்லை.

டோல்கீனின் 'த லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' வாசித்தவர்களுக்கு நினைவிருக்கும். மோரியா சுரங்கத்தில் கண்டால்ஃபை இழந்த பிறகு, எஞ்சிய எட்டுப் பேரும் லோத்லோரியன் காட்டில் ஏறக்குறைய ஒரு மாதம் தங்குவார்கள். அங்கே அழுவார்கள், தூங்குவார்கள். கிளம்பும்போது படகும் மேலங்கியும் வழிக்கு உணவும் கிடைக்கும். உலகமே அழியும் அவசரத்திலும் அந்த ஒரு மாதத்தை ஆசிரியர் தாண்டிப் போகவில்லை. பதின்ம வயதில் அந்தப் பக்கங்களை வேகமாகப் புரட்டியவள் நான்.

அக்காதான் பென்சிலை எடுத்தார். "நாலு பேர். ஆளுக்கு ரெண்டு மணி நேரம். எட்டு மணி நேரம் சரியா வருது பாருங்க." குகைக்கான காவல் பட்டியலை எழுதி முடித்தவர் தாளைத் திருப்பினார். "இப்போ நிஜத்துக்கு. சனிக்கிழமை காலை பத்திலிருந்து மாலை ஆறு வரைக்கும். உன் பெயர் இதில் கிடையாது. உனக்குப் பதிலா அண்ணன்."

"வேண்டாம்கா, சிரமம்..." என்று இழுத்தான்.

"விதிப்படி உனக்கு ஓய்வு கட்டாயம்," என்றார் அண்ணன்.

அன்றிரவு அடுத்த கோட்டைக்கு நாங்கள் புறப்படவே இல்லை. வரைபடத்தை மடித்து வைத்துவிட்டு, அம்மாவுக்கு எந்த மாத்திரை எப்போது, எழுந்து நிற்க எப்படிக் கைகொடுப்பது, என்ன சாப்பிடுவார் என்று கேட்டு எழுதிக்கொண்டோம். அடுத்த பயணத்துக்கான திட்டம் அதுதான்.

முதல் சனிக்கிழமை, முதல் காவல் எனக்கு. நண்பன் அறைக்கதவைச் சாத்திய சிறிது நேரத்தில் குறட்டை கேட்டது. அம்மா என்னை உற்றுப் பார்த்தார். நாக்கு இன்னும் முழுதாகத் திரும்பவில்லை. ஒவ்வொரு சொல்லாகக் கேட்டார்.

"ரேடியோல... பேசுற... பிள்ளையா?"

"ஆமாம்மா."

"ரொம்ப... வேகம்."

கஞ்சி ஊட்டி முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. அவசரப்படவில்லை. பன்னிரண்டு மணிக்கு அக்கா வந்து காவலை மாற்றிக்கொண்டார். மாலை ஆறு மணிக்கு எழுந்து வந்த நண்பன், ஏன் எழுப்பவில்லை என்று தம்பியிடம் கோபித்துக்கொண்டானாம்.

இப்போது ஏழு வாரம் ஆகிறது. ஒரு வாரம் மட்டும் அலுவலக நெருக்கடியால் தம்பியால் வர முடியவில்லை. அவன் நேரத்தையும் சேர்த்து அண்ணன் பார்த்துக்கொண்டார். எங்கள் மந்திரவாதியும் வாள்வீரனும் இன்னும் அந்தக் கோட்டையைப் பிடிக்கவில்லை. சண்டைகள் குறைந்துவிட்டன என்று தம்பிக்குக் கொஞ்சம் வருத்தம்.

உங்கள் நண்பர் கூட்டத்திலும் "நானே பார்த்துக்கிறேன்" என்று எப்போதும் சொல்பவர் ஒருவர் இருப்பார். அடுத்த முறை கூடும்போது, எங்கே போகலாம் என்று பேசத் தொடங்கும் முன், நேற்று எத்தனை மணி நேரம் தூங்கினாய் என்று அவரிடம் கேட்டுப் பாருங்கள்.